அடக்கப் பூசையில் ஓர் அப்டேட்

எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் ஓர் அடக்கப் பூசையைப் பாதியில் நிறுத்திய ஒரே ஆள் நான்தான். மழை நிறுத்தியதில்லை. மின்வெட்டு நிறுத்தியதில்லை. ஒருமுறை பீடத்துக்குப் பக்கத்தில் பாம்பு வந்தபோதுகூட அன்றைய சாமியார் நாற்காலி மேல் ஏறி நின்று பூசையை முடித்தார் என்று சொல்வார்கள். நான் நிறுத்தினேன். அதுவும் மூன்றாவது பெஞ்சில் கைகட்டிப் பக்தியாக உட்கார்ந்தபடியே.

நடந்து எட்டு வருடம் ஆகிறது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போத்தனூரில் வீடு, சரவணம்பட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வேறு யாரோ எழுதிய புரோகிராமில், வேறு யாரோ கண்டுபிடித்த தப்பை, வேறு யாரோ திருத்திவிட்டார்களா என்று பார்த்து 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ எழுதுவதுதான் அந்த வேலை. (சொந்தக்காரர்களிடம் அம்மா "எம்பையன் சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கறான்" என்று சொல்லியிருந்தார். நானும் மறுக்கவில்லை.) எனக்கென்று சொந்தமாக ஒன்றை எழுதிவிட வேண்டும் என்ற அரிப்பு உள்ளுக்குள் இருந்துகொண்டே இருந்தது. அந்த அரிப்புக்கு இடம் கொடுத்தது எங்கள் கோயில் கணினி.

பீடத்துக்குப் பக்கவாட்டில், முன்பு மெழுகுவத்தி அடுக்கிவைத்த சின்ன அறையில் அது இருந்தது. பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவது, வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்கள் பார்ப்பதற்காகப் பூசையை நேரலையில் அனுப்புவது, இரண்டும் அதன் வேலை. அதன் சத்தம் கோயில் ஒலிபெருக்கி வழியாகத்தான் வரும். காற்று வராத அறை. கோடை வந்தால் பூசை நடுவிலேயே அணைந்துவிடும். திரையில் வரிகள் மறைந்ததும் ஆளுக்கொரு சரணத்தைப் பாட ஆரம்பிப்பார்கள்.

கோயிலைத் திறப்பது, மணி அடிப்பது முதல் இந்தக் கணினியை ஓட்டுவது வரை எல்லாம் உபதேசியார் சூசை ஐயாவின் பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் கண்ணு, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே? இது ஏன் திடீர் திடீர்னு படுத்துக்குது?"

திறந்து பார்த்தேன். உள்ளே ஒரு தலையணைக்குப் போதுமான தூசி. "பிராசசர் சூடாகிப்போகுதுங்க. அதுதான் இதுக்கு மூளை மாதிரி. சூடு அளவுக்கு மேல போனா, எரிஞ்சுபோகக் கூடாதுன்னு அதுவே அணைஞ்சுக்கும்."

"அப்ப சூடு ஏர்றதுக்கு முன்னாடியே நமக்குச் சொல்ற மாதிரி எதாச்சும் பண்ணிப்போடு. நான் ஃபேனத் திருப்பி வெச்சுக்கறேன்."

அந்தத் தூசியைத் துடைத்திருந்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். இதே வேலையைச் செய்கிற மென்பொருள்கள் உலகம் முழுக்க இலவசமாகக் கிடைக்கின்றன என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் நான் அவரிடம் சொல்லவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து நானே ஒன்றை எழுதினேன். 'காய்ச்சல்மானி' என்று பெயரும் வைத்தேன். சில விநாடிகளுக்கு ஒருமுறை பிராசசரின் சூட்டைப் படித்துத் திரையின் மூலையில் காட்டும். எண்பத்தைந்து டிகிரியைத் தாண்டினால் 'பீப் பீப்' என்று கத்தும். அவ்வளவுதான். ஆனால் அதன் முகப்பில் என் பெயரை நான் போட்டிருந்த அளவைப் பார்த்தால் ராக்கெட் விடுகிற மென்பொருள் என்று நினைப்பீர்கள்.

கோயிலில் அது நன்றாகவே ஓடியது. அந்தத் தைரியத்தில் ஊரெல்லாம் கொடுத்தேன். பக்கத்துத் தெரு மணியண்ணனின் ஃபிளெக்ஸ் கடை, ஈரோட்டில் துணிக்கு டிசைன் போடும் என் மாமாவின் கடை, அமெரிக்காவில் இருக்கும் பெரியப்பா மகன் என்று பத்துப் பன்னிரண்டு இடம். புதுப் பதிப்பு வந்தால் இணையம் கிடைத்ததும் அதுவாகவே இறக்கிப் போட்டுக்கொள்ளும்படியும் செய்திருந்தேன். யாரையும் கேட்காது. யாருக்கும் சொல்லாது.

பிறகு கோரிக்கைகள் வர ஆரம்பித்தன. முதலில் மணியண்ணன். "தம்பி, அந்த பீப் சத்தம் யூபிஎஸ் கத்தற மாதிரியே இருக்குது. எங்க பசங்க கண்டுக்கறதே இல்ல. மனுசக் கொரல்ல சொல்லுச்சுன்னா தேவலைங்க. கொஞ்சம் சத்தமாவும் இருக்கோணும், இங்க மெசின் ஓடற எரைச்சல்ல ஒண்ணும் கேக்கறதில்ல."

செய்தேன். எச்சரிக்கை வரும்போது கணினியின் ஒலியளவு முழுதாக ஏறிக்கொள்ளும். யாராவது வந்து 'சரி' என்ற பொத்தானை அழுத்துகிறவரை இருபது விநாடிக்கு ஒருமுறை குரல் திரும்பத் திரும்ப வரும். அந்தக் குரலைச் சோதனைக்காக நானே பதிவுசெய்தேன். எதிரொலி நன்றாக இருக்கும் என்று குளியலறையில் நின்றுகொண்டு, நல்ல கனத்த குரலில், இழுத்து இழுத்து:

"ஐயோ... சுடுது... சுடுதுங்க... யாராச்சும் வந்து காப்பாத்துங்க..."

அம்மா வெளியே நின்று கதவைத் தட்டினார். "டேய் அருளு! வெந்நிய மேல ஊத்திக்கிட்டயா?"

இது சும்மா விளையாட்டுக்கு. அலுவலகத்தில் நல்ல குரல் உள்ள ஒரு பெண்ணிடம் "கணினியின் வெப்பம் அதிகமாகியுள்ளது, தயவுசெய்து கவனிக்கவும்" என்று மரியாதையாகச் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்வதாக இருந்தேன். அவரிடம் போய்க் கேட்கத் தைரியம் வருகிறவரை இது இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன். தைரியம் வரவில்லை.

அடுத்தது அமெரிக்கா அண்ணன். அங்கே செல்சியஸ் கிடையாது, ஃபாரன்ஹீட்தான், ஆகவே அதிலும் காட்ட வேண்டும் என்றான். அதையும் செய்தேன். என் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. ஏனென்றால் என் மடிக்கணினியில் செல்சியஸ் என்று முன்பே தேர்ந்தெடுத்து வைத்திருந்தேன். தேர்ந்தெடுக்காத மற்ற எல்லாக் கணினிகளிலும் என் புதுப் பதிப்பு தானாகவே ஃபாரன்ஹீட்டுக்கு மாறிக்கொள்ளும். நாற்பத்தெட்டு டிகிரியில் சுகமாக இருக்கிற பிராசசர் அதன் கணக்கில் நூற்றுப் பதினெட்டு. ஆனால் எச்சரிக்கும் எல்லை மட்டும் பழையபடி எண்பத்தைந்திலேயே நின்றது. சுருக்கமாகச் சொன்னால், உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கிற எந்தக் கணினியைப் பார்த்தாலும் காய்ச்சல்மானிக்குத் தீப்பிடித்த மாதிரிதான் தெரியும்.

அந்தப் பதிப்பை ஒரு சனிக்கிழமை காலையில் வெளியிட்டேன். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் 'காய்ச்சல்மானி இரண்டு வந்துவிட்டது' என்று பட்டாசுப் படத்தோடு செய்தி அனுப்பினேன். பிறகு குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அம்மாவோடு அந்தோணிராஜ் ஐயாவின் அடக்கத்துக்குக் கிளம்பினேன்.

அந்தோணிராஜ் ஐயா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கறாரான ஆள். ஓய்வுக்குப் பிறகு, பிரசங்கத்தில் தூங்குகிறவர்களைக் குடை நுனியால் குத்தி எழுப்புகிற வேலையைத் தாமாக ஏற்றுக்கொண்டவர். நானே பலமுறை குத்துப்பட்டிருக்கிறேன். அவருடைய ஒரே மகன் வின்சென்ட் அண்ணன் குவைத்தில் இருந்தார். விசா புதுப்பிக்கப் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்ததால் அப்பாவின் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. அவர் பார்ப்பதற்காகவே அன்றைக்கு நேரலை. கேமராவைச் சவப்பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு, கணினி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, உபதேசியார் கல்லறையில் குழி வேலையைப் பார்க்கப் போயிருந்தார்.

பூசை ஆரம்பித்ததும் என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடியும் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. (கோயிலுக்குள் போனை எடுப்பவர்களைக் கண்டாலே எனக்கு அப்போது ஆகாது.) அது மணியண்ணன் என்பதும், அதற்குப் பிறகு வந்ததெல்லாம் ஈரோட்டு மாமா என்பதும் எனக்குப் பிற்பாடுதான் தெரியும்.

சாமியார் பிரசங்கத்துக்கு வந்தார். கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பது எங்கள் சாமியாரின் வழக்கம். அவையோர் யோசிக்க வேண்டுமாம். அன்றைக்கும் பெட்டியைக் கனிவாகப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"நம் அந்தோணிராஜ் ஐயா இந்த நேரத்தில் எங்கே இருப்பார்?"

நிறுத்தினார்.

பெட்டியின் தலைமாட்டுக்கு நேர் பின்னால் இருந்த ஒலிபெருக்கியிலிருந்து, கனத்த, இழுத்த, எதிரொலிக்கும் ஒரு குரல் வந்தது.

"ஐயோ... சுடுது... சுடுதுங்க... யாராச்சும் வந்து காப்பாத்துங்க..."

இந்தக் கட்டுரையில் அங்கங்கே கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தில் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை.

சாமியார் இரண்டடி பின்னால் போனார். பாடகர் குழுவிலிருந்து ஓர் அம்மா "யேசுவே!" என்று அலறினார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் நாலு பேர் எழுந்தார்கள். இரண்டு பேர் பெட்டியை நோக்கிப் போனார்கள், இரண்டு பேர் வாசலை நோக்கிப் போனார்கள். எனக்கு முதல் 'ஐயோ'விலேயே தெரிந்துவிட்டது. ஆனால் எழுந்திருக்கவில்லை. இருபது விநாடி கழித்துக் குரல் இரண்டாம் முறை வந்தபோது அம்மா மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"டேய். இது உன்ற கொரலாச்சே."

ஓடினேன். கணினி அறை பூட்டியிருந்தது. நேரலைக்குக் கொடுத்த இணையத்தில் புதுப் பதிப்பு அதுவாகவே இறங்கியிருந்தது. ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தால் திரையில் சிவப்பு எழுத்தில் நூற்றுப் பதினெட்டு. அதன் கீழே அழகாக என் பெயர். கம்பிக்குள் கையை விட்டேன், எட்டவில்லை. மூன்றாம் முறை 'காப்பாத்துங்க' வந்தது. யாரோ ஒருவர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல், சாமியார் உடுப்பு மாற்றுகிற அறைக்குள் புகுந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டேன். விளக்கு, மின்விசிறி, மைக், ஒலிபெருக்கி எல்லாம் ஒரே அடியில் நின்றன. கூடவே நேரலையும் நின்றது. அதை நான் யோசிக்கவில்லை.

சாமியார் அந்த அறைக்குள் வந்தார். பின்னாலேயே அம்மா. அதே நேரம் சத்தம் கேட்டு, கால் நிறையக் கல்லறை மண்ணோடு உபதேசியாரும் ஓடிவந்தார்.

"என்ன அருள் அது?" என்றார் சாமியார்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு இன்றைக்கும் சொல்லக் கூசுகிற இடம். நான் உண்மையைச் சொல்லவில்லை.

"வைரஸா இருக்குமுங்க ஃபாதர். உபதேசியார் எதையாச்சும் தெரியாம டவுன்லோடு பண்ணியிருப்பாரு."

சாமியாரின் முகம் உபதேசியார் பக்கம் திரும்பியது. அறுபது வயதைத் தாண்டிய மனிதர். கையிலிருந்த மண்ணை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "நானுங்களா சாமி? எனக்குப் பாட்டு வைக்கறதத் தவிர ஒண்ணுந் தெரியாதுங்களே. எதையாச்சும் தொட்டுப்போட்டனோ என்னமோ... மன்னிச்சுக்கோங்க."

செய்யாத தப்புக்கு அவர் மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்திலேயே வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

அம்மாதான் நிற்கவில்லை. "அவர ஏனுங்க ஃபாதர் பாக்கறீங்க? அது இவன் கொரலுங்க. எங்க ஊட்டுப் பாத்ரூமுல நின்னு இதத்தான் கத்திட்டிருந்தான், நானே கேட்டேன்."

சாமியார் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தோணிராஜ் ஐயாவின் மகள் செலின் அக்கா போனோடு ஓடிவந்தார். "ஃபாதர், வின்சென்ட்டுங்க. லைவ்ல பாத்துட்டிருந்தானாம். அப்பா உசுரோட இருக்காரு, பெட்டியத் தொறங்கன்னு கத்தறான். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலீங்க."

அவர் பார்த்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் பெட்டி, அதிலிருந்து 'காப்பாத்துங்க' என்று ஒரு குரல், பெட்டியை நோக்கி ஓடும் ஆட்கள், உடனே இருட்டு.

சாமியார் போனை வாங்கி என்னிடம் நீட்டினார். "நீயே சொல்லு."

"அண்ணா... நான் அருள் பேசறேனுங்க."

"டேய் அருளு! தொறந்தீங்களாடா? அப்பா பேசறாருடா! என் காதுல கேட்டேன்! சீக்கிரம் தொறங்கடா!"

"இல்லீங்கண்ணா. அது அப்பா இல்லீங்க. அது... நானுங்க."

"நீ பெட்டிக்குள்ள என்றா பண்றே?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது எழுதும்போதும் பாதிதான் வருகிறது. சொன்னேன். கணினி சூடானால் கத்துகிற மென்பொருள் என்றும், நான்தான் எழுதினேன் என்றும், என் குரல்தான் என்றும், காலையில் நான்தான் மாற்றினேன் என்றும், உபதேசியார் ஒன்றும் செய்யவில்லை என்றும் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினேன். தொடர்பு அறுந்துவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

கடைசியில் அவர் சொன்னார்: "ஒரு நிமிசம் நம்பிட்டன்டா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லூர்தம்மாவின் முன்னால் போய் நின்றேன். அந்தோணிராஜ் ஐயாவின் மனைவி. அத்தனை கூச்சலிலும் இடத்தை விட்டு அசையாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான். நான் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

"எந்திரி கண்ணு. அது அவுரு இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும்."

"எப்படீங்கம்மா?"

"நாப்பத்தேழு வருசம் காப்பி வெச்சுக் குடுத்திருக்கறேன். ஒரு நாளாச்சும் சுடுதுன்னு சொல்லியிருப்பாரா அந்த மனுசன்? கொதிக்கக் கொதிக்கக் குடுத்தாலும் ஆறிப்போச்சுன்னுதான் சொல்லுவாரு. அவுரு கொரலா இருந்திருந்தா 'இன்னுங் கொஞ்சம் சூடு பண்ணு'ன்னில்ல வந்திருக்கும்?"

பக்கத்தில் இருந்த செலின் அக்காவுக்கு முதலில் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் சிரித்தார். பின்வரிசைகளுக்கு அந்தப் பேச்சு காதோடு காதாகப் போவதை அங்கங்கே குனிந்த தலைகளை வைத்தே என்னால் பார்க்க முடிந்தது. சாமியார் மைக் இல்லாமல், தொண்டை கிழியக் கத்திப் பூசையை முடித்தார். நான் மெயின் சுவிட்சைப் போடப் போனேன். "நீ ஒண்ணையும் தொடாத" என்றார் அம்மா.

கல்லறையிலிருந்து திரும்பியதும் போனைப் பார்த்தேன். பதினாறு அழைப்புகள். மணியண்ணன் கடையில் பிரிண்டரில் ஆள் மாட்டிக்கொண்டான் என்று நினைத்துத் தெருவே கூடிவிட்டதாம். ஈரோட்டில் மாமாவின் கடையில் ஆறு கணினி, ஆறும் ஒன்றன்பின் ஒன்றாக அலறியிருக்கின்றன. மாமா எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு வாசலில் வாளித் தண்ணீரோடு நின்றாராம். ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, அன்று சாயங்காலமே காய்ச்சல்மானி மூன்றை வெளியிட்டேன். அதில் ஒரே ஒரு மாற்றம்தான். அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்.

உபதேசியாரிடம் மறுநாள் தனியாகப் போனேன். "போச்சாது உடு கண்ணு, வயசுல எல்லாரும் பயப்படறதுதான்" என்றார். ஆனால் அதற்குப் பிறகு ரொம்ப நாள், கணினியைத் தொடுவதற்கு முன்னால் யாரையாவது கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்கவைத்துக்கொண்டார். அந்தக் கோடையில் நான் அந்த அறைக்குப் போய்ச் செய்தது ஒன்றுதான். கணினியைத் திறந்து தூசியைத் துடைத்தேன். அதற்கப்புறம் அது அணையவே இல்லை.

என் கல்யாணத்தில், சம்மதமா என்று சாமியார் கேட்க, நான் மைக்கில் "ஆம்" என்றதும் கடைசி பெஞ்சிலிருந்து "சுடுதுங்களா?" என்று ஒரு குரல் வந்தது. கோயிலே சிரித்தது. என் மனைவிக்கு விஷயம் தெரியாது. அன்று மத்தியானப் பந்தியில் லூர்தம்மாதான் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து முழுக்கச் சொன்னார். எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் சாதாரணமாக 'சுடுது' என்று சொல்வதில்லை. சொன்னால் மீதியையும் சேர்த்துச் சொல்லி முடிக்க வேண்டும்.

நான் இதில் எல்லாம் சேர்ந்து சிரித்துவிடுவேன். வின்சென்ட் அண்ணன் முன்னால் மட்டும் முடியாது. அவர் விடுமுறைக்கு வந்த இரண்டு முறையும் அவரைப் பார்த்ததும் கோயிலின் பக்கவாசல் வழியாக நழுவினேன். போன கிறிஸ்துமஸுக்கு வந்தவர், நான் நழுவ வழியில்லாதபடி நேராக எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். உட்காரவைத்தோம். அம்மா டீ கொண்டுவந்தார். எனக்குப் பேச்சு வராமல் குவைத்தில் வெயில் எப்படி என்று கேட்டேன். இருக்கிற பேச்சில் இதையா எடுப்பேன்!

அப்போதுதான் என் ஆறு வயது மகள் அவருடைய டீ தம்ளரைத் தெரியாமல் தொட்டாள். வெடுக்கென்று கையை எடுத்து உதறினாள். பிறகு, வந்திருப்பது யாரென்று தெரியாமல், நல்ல கனத்த குரலில் ஆரம்பித்தாள்:

"ஐயோ... சுடுது... சுடுதுங்க... யாராச்சும் வந்து காப்பாத்துங்க..."

அம்மா தட்டோடு நின்றுவிட்டார். என் மனைவி மகளின் வாயைப் பொத்தப் போனாள். நான் தரையைப் பார்த்தேன்.

வின்சென்ட் அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார். என் மகளைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"அப்படியில்ல அம்மணி. அந்தக் 'காப்பாத்துங்க'வ இன்னுங் கொஞ்சம் இழுக்கோணும். நான் லைவ்ல கேட்டவனாக்கும்."